மடக்கு அக்காவின் நீலத்திரை

பேருந்தில் ஏறியதும் மடக்கு அக்கா யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் பார்க்கிறார். ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சுற்று கண்ணை ஓட்டுவார். இந்தக் கையில் மோதிர விரல் முழுசாக மடங்கவில்லை. அந்தக் கையின் மணிக்கட்டு எப்போதோ உடைந்து கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. டிக்கெட் கொடுப்பவருக்குக் கட்டைவிரலின் அடியில் வீக்கம். மனிதர் இப்படியே விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் பேனா பிடிக்கத் திணறுவார். ஒரு தடவை மனசு கேட்காமல் அவரிடமே சொல்லிப் பார்த்தார். "ஏம்மா, டிக்கெட் வேணுமா வேணாமா?" என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். அதிலிருந்து அக்கா வாயைத் திறப்பதில்லை, பார்ப்பதோடு சரி.

அவருக்கு மிகவும் பிடித்த கைகள் மூன்றாவது இருக்கையில் வரும். தையல் ஆலையின் நீலக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள். இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஏறியதிலிருந்து இறங்கும் வரை கையாலேயே பேசித் தள்ளுவார்கள். அக்கா அதை ஆசையாகப் பார்ப்பார். "நடு மூட்டு ரெண்டும் நூறு டிகிரிங்க, சும்மா வெண்ணெய் மாதிரி மடங்குது," என்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்வார். அந்தப் பெண்கள் அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

பள்ளி வேன் ஓட்டும் அந்தக் கணவருக்கு இது பழகிப்போன விஷயம். இருவருக்கும் அறிமுகமான புதிதில் அக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இரண்டு நாள் ஆனதாம். "வெக்கப்படறான்னு நெனச்சேன். கடைசியில பாத்தா என் சுண்டு விரல்ல பந்து பட்டு வளைஞ்ச எடத்தை நோட்டம் விட்டுக்கிட்டிருந்திருக்கா," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். முகங்கள் அக்காவின் நினைவில் தங்குவதே இல்லை. எதிர்வீட்டு அம்மாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்று, "யாருங்க நீங்க?" என்று கேட்டுப் பகைத்துக்கொண்டவர் இவர்.

வேலை, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கைப் பிரிவில். விரல்களை அளப்பது. பதினாறு வருடமாக இதே வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அவர் வாயிலிருந்து வருவது இரண்டே சொற்கள்தான்: "மடக்குங்க... நீட்டுங்க." பெயருக்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை. தொலைபேசியை எடுத்ததும் பழக்கதோஷத்தில் "மடக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போல ஒரு தசைநாண் உள்ளங்கை வழியாக ஓடி வந்து விரலை இழுக்கிறது. வெளியே எல்லோரும் அதை நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். "நரம்பு கட்டாயிடுச்சுக்கா" என்று வருகிறவர்களை அக்கா திருத்துவதில்லை. வலியோடு வந்தவருக்கு எதற்குப் பாடம்? அறுந்ததைத் தைத்துவிடலாம். தைத்த பிறகுதான் தலைவலி. சீக்கிரம் அசைத்தால் தையல் பிய்ந்துவிடலாம். அசைக்காமல் வைத்தால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மரக்கட்டையாகிவிடும். பிய்வதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் எங்கே நிற்பது என்று கை மருத்துவர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த மாடியில் இருக்கும் கை டாக்டரும் அந்த மல்லுக்கட்டில் இறங்கியவர்தான். அறுவை செய்யும்போது அவர் ஆளைத் தூங்க வைப்பதில்லை. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுத் தைக்கிறார். தைத்து முடித்ததும், "எங்க, மடக்குங்க பாப்போம்" என்பார். நோயாளி மேசையில் படுத்தபடியே தன் விரலைத் தானே மடக்குவார். தையல் எங்காவது இடறினாலோ வாய் பிளந்தாலோ அங்கேயே, அப்போதே சரிசெய்துவிடலாம். அதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் மூன்று வருடமாக ஆராய்கிறார். ஒரு பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட முழங்கை வரை நீளும் ஸ்பிளிண்ட், அதாவது கையைத் தாங்கும் அச்சுக்கட்டு. மறு கையின் துணையோடு மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். இன்னொரு பாதிக்கு மணிக்கட்டோடு முடியும் குட்டை ஸ்பிளிண்ட். நாலைந்து நாளிலேயே சொந்த பலத்தில் விரலை மடக்கத் தொடங்கிவிட வேண்டும். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு வருவது. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று தடவை விரலை அளந்து பார்ப்பார்கள்.

அளப்பவருக்கு மட்டும் யார் எந்தப் பாதி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு தராசைச் சாய்த்துவிடும். அதற்குத்தான் நீலத்திரை. அறையின் குறுக்கே கட்டியிருக்கும் கெட்டித் துணி. நடுவில் தபால் பெட்டியின் வாய் அளவுக்கு ஒரு பிளவு. அந்தப் பக்கம் செவிலி ஸ்பிளிண்ட்டைக் கழற்றி, கையைக் கழுவி, ஸ்பிளிண்ட் அழுத்திய தடம் தெரியாதபடி முன்கைக்கு உறை மாட்டி, எண்ணைச் சொல்லி, கையை மட்டும் பிளவு வழியாக உள்ளே அனுப்புவார். முகம் கூடாது, பேச்சு கூடாது. இந்தப் பக்கம் ஒரு சின்ன மேசை, ஒரு தலையணை, ஒரு விளக்கு, மடக்கு அக்கா.

கருவி ஒரு சின்னக் கோணமானி. எஃகு. பேனாவைவிடக் குட்டை. அதை எடுத்ததும் அக்கா முதலில் அளப்பது தன் இடது சுண்டு விரலைத்தான். ஒன்பது வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது. "அசைக்கவே கூடாது" என்று கட்டுப் போட்டு இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அப்படி. கட்டைப் பிரித்தபோது நடு மூட்டு இறுகிப்போயிருந்தது. இருபத்திரண்டு டிகிரி. அதற்குமேல் மடங்காது, அதற்குமேல் நீளாது. தினமும் காலையில் கோணமானி அந்த விரலில் இருபத்திரண்டு காட்டினால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "எதுக்கும் உதவாத விரல்னு எங்கம்மா அழுதாங்க. இப்ப பாருங்க, ஆஸ்பத்திரிக்கே இதுதான் படிக்கல்லு," என்பார்.

அளவில் ஒரு டிகிரி கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பேசக் கூடாது என்ற கட்டளையை மீறி ஒருமுறை திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முடிதிருத்துபவர் கெஞ்சினார். "அக்கா, ரெண்டு கூட்டிப் போடுக்கா. வீட்டுல கேப்பாங்க. கத்தரி பிடிச்சிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." அக்கா சிரித்துவிட்டார். ஆனாலும் எண் எண்தான். "விரல் சொல்றதை நான் எழுதுறேன். நான் சொல்றதை விரல் கேக்காதே, தம்பி." பதினாறு வருடத்தில் அவருடைய தாள்களில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் பேனாவை மூடும்போது ஒரு சின்னச் சத்தம் வரும்படி அழுத்தி மூடுவார்.

அந்தப் பெருமைக்குத்தான் போன வருடம் அடி விழுந்தது.

வழக்கமான செவிலி விடுப்பில் போயிருந்தார். பதிலுக்கு வந்த புதுப்பெண் முந்தின நாளே விதிமுறைத் தாளை உருப்போட்டு வைத்திருந்தாள். நோயாளியைப் பற்றி அளப்பவரிடம் எதையும் சொல்லக் கூடாது. கூட வருகிறவர்கள் பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, உதவக் கூடாது. காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதை ஒப்பித்தாள். பதினோரு மணிக்கு, "முப்பத்தேழு, ஆறாவது வாரம், வலது சுட்டுவிரல்" என்று சொல்லிக் கையை உள்ளே அனுப்பிவிட்டு, அடுத்த ஆளை அழைக்க வெளியே போனாள்.

பெண்ணின் கை. முப்பது வயது இருக்கலாம். நகத்தோரம் காய்ந்த பசை. புத்தகம் கட்டும் பட்டறையாக இருக்கும், தாள் வெட்டும் கத்தி பட்டிருக்கும் என்று அக்கா ஊகித்துக்கொண்டார். ஊகம் சரிதான். சுட்டுவிரலின் உட்புறம் கோணல் மாணலாக ஒரு தையல் வடு.

"மடக்குங்க," என்றார் அக்கா.

விரல் அசையவில்லை.

"மடக்குங்கம்மா. பயப்படாதீங்க, மெதுவா."

கை தலையணைமேல் சாதுவாகக் கிடந்தது. விதிப்படி மூன்றாவது தடவையும் கேட்டார். ஒன்றுமில்லை. அக்காவின் கண் ஒன்று சொன்னது. தசைநாண் அறுந்த விரல், கை சும்மா கிடக்கும்போது மற்ற விரல்களிலிருந்து விலகி விறைப்பாக நிற்கும். இது மற்றவற்றோடு சேர்ந்து லேசாக வளைந்துதான் கிடந்தது. இன்னொன்றையும் கண் பார்த்தது: பக்கத்து விரல்கூடத் துடிக்கவில்லை. ஆனால் கண் சொல்வதை எழுதும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. கேட்ட பிறகு விரல் எவ்வளவு மடங்கியது என்று கருவி சொல்வதுதான் எண். நடு மூட்டு, பூஜ்ஜியம். நுனி மூட்டு, பூஜ்ஜியம். எழுதிவிட்டு, விதிப்படி சிவப்புச் சீட்டை எடுத்துப் பிளவு வழியாக வெளியே நீட்டி, மணியை அழுத்தினார்.

சிவப்புச் சீட்டென்றால் தையல் விட்டுவிட்டது, டாக்டர் உடனே வர வேண்டும், மறுபடி அறுவை என்று பொருள். நோயாளிகளுக்கு முதல் நாளே அதைக் காட்டி விளக்கிவிடுவார்கள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைதான், ஆனால் அக்கா அதுவரை கேட்டிராத அழுகை. ஒரு சொல்லும் இல்லாமல், தொண்டையின் அடியிலிருந்து வந்தது. கை சடாரென்று பிளவிலிருந்து மறைந்தது. டாக்டர் ஓடிவரும் செருப்புச் சத்தம். பின்னாலேயே புதுச் செவிலி. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இன்னொரு குரல் அப்போதுதான் உடைந்தது. நோயாளியின் மாமியார்.

"ஐயோ டாக்டர், அவளுக்குக் காது கேக்காது! பொறந்ததுலேருந்தே கேக்காது! உள்ள இருக்கறவங்க மடக்கு மடக்குன்னு திரைக்குச் சொல்லிட்டிருக்காங்க, இவ பேசாம உக்காந்திருக்கா!"

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வாயத் தொறந்தா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சே! கையக் காட்டக்கூடாதுன்னும் சொல்லிச்சு. நான் என் ஜென்மத்துல வாய மூடிட்டு உக்காந்தது இன்னிக்கு ஒரு நாள்தான் டாக்டர். அது இப்படியா வந்து முடியணும்!"

வேறு நேரமாக இருந்தால் அக்கா சிரித்திருப்பார். இப்போது தாளில் எழுதிய இரண்டு பூஜ்ஜியங்களையும் திரும்பப் பார்த்தார்.

டாக்டருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். அறுவை நாளில் அவர் தன் விரலை மடக்கிக் காட்ட, அவளும் மேசையில் படுத்தபடி மடக்கிக் காட்டியவள். இப்போது அவர் அவளுடைய முன்கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மெல்ல அமுக்கினார். தசைநாண் முழுசாக இருந்தால், அமுக்கியதும் விரல் தானாக வளையும். "வளையுது. நல்லா வளையுது. ஒண்ணும் ஆகல," என்று அவர் சொன்னது திரை தாண்டிக் கேட்டது. மாமியார் அதை மருமகளுக்குக் கையால் சொல்லியிருக்க வேண்டும். அந்த அழுகை நின்று, விக்கலாக மாறியது.

மாமியாருக்கு நிற்கவில்லை. "உங்களுக்குத் தெரியாது டாக்டர், அந்த விரல்ல என்ன இருக்குன்னு. என் பேத்தி பேரே அதுலதான் இருக்கு. எங்களுக்கு அவளைக் கூப்பிட வாய் இருக்கு. இவ, விரலை வளைச்சு கன்னத்துல குழி விழற எடத்துல வெப்பா, அதான் புள்ள பேரு. கைக்குழந்தையிலேருந்து அப்படித்தான். இப்ப வெறைச்ச விரலை வெச்சுக் கூப்பிட்டா அது திரும்பவே மாட்டேங்குது. 'அது என் பேரு இல்ல'ங்குது. இடது கையால கூப்பிட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. ஆறு வயசுக் கழுதைக்கு என்னத்தச் சொல்லிப் புரிய வெக்கறது? ராத்திரி பகல் பாக்காம நாங்க பயிற்சி செய்யறோம், எந்த நாள்லேருந்துன்னா..."

"அம்மா! அதை மட்டும் சொல்லிடாதீங்க!" என்று டாக்டர் கத்தினார்.

இந்தப் பக்கம் மடக்கு அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பொத்தியும் கேட்டுவிடுமோ என்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே மறுபடி அளந்தார்கள். புறங்கையில் ஒரு தட்டு தட்டினால் மடக்கு, இரண்டு தட்டினால் நீட்டு என்று டாக்டர் அந்தப் பெண்ணுக்குப் புரியவைத்தார். கை மீண்டும் உள்ளே வந்தது. புறங்கை ஈரமாக இருந்தது. கண்ணைத் துடைத்த கை. அக்கா ஒரு தட்டு தட்டினார். விரல் தயங்கி, நடுங்கி, வளைந்தது. நடு மூட்டு அறுபத்தொன்று. நுனி மூட்டு இருபத்துநாலு. ஆறாவது வாரத்துக்கு மோசமில்லை. கன்னத்துக் குழியில் வைக்கத்தான் போதாது.

இரண்டு பூஜ்ஜியங்களின் மேலும் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புது எண்களை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். பேனாவைச் சத்தமில்லாமல் மூடினார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த அழுகை காதை விட்டுப் போகவில்லை. வெளியே போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். போனால் மேசையில் கழற்றி வைத்த ஸ்பிளிண்ட் கண்ணில் படும். நீளமா, குட்டையா என்று தெரிந்துவிடும். அப்புறம் முப்பத்தேழாம் எண்ணை அவர் அளக்க முடியாது. இங்கேயிருந்தே சொல்லலாம் என்றால் யார் காதில் விழப்போகிறது? பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் கணவர் ஆறுதல் சொன்னார். "உன் மேல என்ன தப்பு? சொல்லாதேன்னு சட்டம் போட்டவங்க தப்பு."

"பக்கத்து விரலும் அசையலங்க. நான் பாத்தேன். மடக்கப் பாத்திருந்தா அதுவாவது அசைஞ்சிருக்கும், ரெண்டு விரலும் ஒண்ணா எப்படி நிக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். பாத்துட்டும் பூஜ்ஜியம்னு எழுதினேன்."

"சரி, எழுதிட்ட. திருத்திட்டியே."

"தாள்ல திருத்திட்டேன்," என்றார் அக்கா.

மறுநாள் பேருந்தில் மூன்றாவது இருக்கையில் நீலக் கோட்டுகள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன. அக்கா பார்த்தார். இவ்வளவு நாளும் அந்த நடு மூட்டுகளின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று சுருக்கென்றது. இரண்டு நிறுத்தம் தள்ளி, கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எழுதி நீட்டினார்: 'மன்னிச்சிடுங்கன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது?'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் கையை மூடி நெஞ்சின் மேல் வைத்து ஒரு வட்டம் சுற்றிக் காட்டினாள். அக்கா செய்தார். இளையவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், அப்படி இல்லை என்று. அக்கா பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்திருக்கிறார். மெதுவாக, அழுத்தமாக, முகத்திலும் அது இருக்க வேண்டுமாம். முகமா! அக்கா திரும்பச் செய்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. பதினாறு வருடத்தில் அன்றுதான் வேலைக்கு முதல் தாமதம்.

பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது பாடம். 'வலிக்குதா', 'மெதுவா', 'நல்லா இருக்கு', 'மறுபடி'. அந்தப் பெண்கள் அவருக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்து மூடுவது. கோணமானி. முகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மொழியாதலால் அக்கா வேறு வழியில்லாமல் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பழகினார். மூத்தவளுக்கு இடது புருவத்தில் ஒரு மச்சம் இருப்பது அவருக்குத் தெரியவர மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலும் ஒன்று மாறியது. அக்கா டாக்டரிடம் போய் நின்றார். "ஒருத்தருக்குத் தட்டி, இன்னொருத்தருக்குச் சொல்லி அளந்தா சரியில்லங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்." டாக்டர் ஒத்துக்கொண்டார். விதிமுறைத் தாளில் இரண்டு வரிகள் கூடின. காது கேட்காதவர், கண் தெரியாதவர், வேற்றுமொழிக்காரர் என்றால் அளப்பவரிடம் அதை மட்டும் சொல்லலாம் என்பது ஒன்று. எல்லோருக்கும் தட்டுதான் என்பது இன்னொன்று. இப்போது மடக்கு அக்கா நாள் முழுவதும் வாயே திறப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்றாவது மாத அளவுக்கு முப்பத்தேழு வந்த அன்று வழக்கமான செவிலிதான் இருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். "குட்டி, நீ அந்த மூலையில உக்காந்துக்கோ, எதையும் தொடக் கூடாது," என்ற செவிலியின் குரல். மூலையில் ஏதோ ஒன்றைக் காலால் தட்டும் சத்தம், டொக் டொக்கென்று நிற்காமல். மாமியாரும் இருந்திருக்க வேண்டும். யாரோ பெருமூச்சை அடக்கும் சத்தம் கேட்டது.

கை வந்தது. பசை இன்னும் இருக்கிறது, வேலைக்குத் திரும்பிவிட்டாள். வடு வெளுத்திருந்தது. அக்கா ஒரு தட்டு தட்டினார். விரல் தயங்காமல் வளைந்தது. நடு மூட்டு எண்பத்தாறு, நுனி மூட்டு நாற்பத்தொன்பது. இரண்டு தட்டு, நீண்டது. மூன்று முறை அளந்து, மூன்றையும் எழுதினார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. எந்தப் பாதியைச் சேர்ந்த விரல் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஆராய்ச்சி முடிந்து எண்களைப் பிரிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்துதான் அவருக்கும் தெரியும்.

அளந்து முடிந்தால் கை வெளியே போய்விடும். போவதற்குள் அக்கா அதன் புறங்கையில் தன் கையை வைத்தார், கொஞ்சம் இரு என்பது போல. பிறகு தன் வலது கையைப் பிளவு வழியாக அந்தப் பக்கம் நீட்டினார். நெஞ்சைக் காட்ட வழியில்லை. முகத்தைக் காட்டவும் வழியில்லை. விரல்களை மூடி, திரைத்துணியின் மேலேயே வைத்து, மெதுவாக, அழுத்தமாக ஒரு வட்டம் சுற்றினார். இன்னொரு வட்டம். துணி இந்தப் பக்கம் அவர் நெஞ்சில் உரசியது.

பிறகு பசை காய்ந்த விரல்கள் அவர் கையைப் பற்றின. ஐந்து விரலும் சேர்த்து, இறுக்கமாக. சுட்டுவிரலின் பிடியை அக்கா தனியாக உணர்ந்தார். ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு விட்டன. அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நாற்காலி நகர்ந்தது. செவிலி அடுத்த எண்ணைத் தேடிக் காகிதம் புரட்டினார். மூலையில் டொக் டொக் சத்தம் ஓயவில்லை. பிறகு திடீரென்று நின்றது. கூப்பிட்டதற்குச் சலித்துக்கொண்டு பதில் சொல்லும் குழந்தைக் குரல் ஒன்று கேட்டது.

"என்னம்மா? இதோ வரேன்ல?"

யாரும் கூப்பிட்டதாகச் சத்தமில்லை.

மடக்கு அக்கா கோணமானியை மேசைமேல் வைத்தார். பிறகு, மடங்காத சுண்டு விரல் பாதியில் துருத்திக்கொண்டு நிற்க, இடது கைச் சுட்டுவிரலை வளைத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.